கைக்கு வராத மேனுவேல்

யார் எதைச் சொன்னாலும் அவள் "சரிங்க" என்பாள். அந்த நாட்களில் அவள் எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. முகத்தைச் சுளித்தும் பார்த்ததில்லை. தலையை லேசாகச் சாய்த்து, சொன்னவரின் கண்ணைப் பார்த்து "சரிங்க" என்று சொல்லும்போது, சொன்னவருக்கு மனம் குளிர்ந்துபோகும். அப்புறம் அவள் தான் நினைத்ததைச் செய்வாள்.

ஒருமுறை கணக்கப்பிள்ளை ஐயா அவளை மேல்மலைக்கு மாற்றினார். எங்களுடையது ருவான்வெல்லையிலிருந்து உள்ளே போகும் பாதையில் இருந்த ரப்பர் தோட்டம். மேல்மலை என்றால் ஏற்றம், அட்டைக்கடி, பால் வாளியோடு சறுக்கி இறங்கவேண்டிய பாறை. "சரிங்க ஐயா" என்றாள். மறுநாள் விடிந்ததும் தன் பழைய மரங்களிலேயே நின்று பால் வெட்டிக்கொண்டிருந்தாள். ஐயா வந்து பின்னால் நின்றார்.

"நேத்து சரின்னு சொன்னியே?"

"ஆமாங்க ஐயா. நீங்க சொன்னது சரிதாங்க. அங்கயும் ஆளு வேணும்தானே."

அவர் யோசித்துக்கொண்டே போனார். மேல்மலைக்கு வேறு ஆளைப் போட்டார். அந்த வேறு ஆள் நான்தான்.

நான் கோபித்துக்கொண்டபோது அவள் என் காலில் ஒட்டியிருந்த அட்டையைச் சாம்பல் போட்டு எடுத்துக்கொண்டே சொன்னாள்: "நீ ஏன்டி சரின்னு சொன்னதோட நிக்காம போனே?"

அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் லயத்தின், தோட்டத்து வரிசை வீடுகளின், ஒற்றைச் சுவர்தான். அதுவும் கூரைவரை போகாது. அவர்கள் வீட்டில் இருமினால் எங்கள் வீட்டில் வெந்நீர் வைப்பார்கள். இரண்டு பேருக்கும் ஒரே வயது. அவள் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதட்டுமா என்று கேட்டால் சரி என்றுதான் சொல்வாள். அதை நம்பி எழுத முடியாது.

அவளுக்குப் பதினான்கு வயதில் அவள் அப்பா அவளைக் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்குக் கொண்டுபோய் விட்டார். தோட்டத்தில் அப்போது பல பிள்ளைகள் அப்படிப் போனார்கள். ஒவ்வொரு தைப்பொங்கலுக்கு முந்தியும் அவர் போய், அந்த வீட்டு கேட் அருகே நின்று பார்த்துவிட்டு வருவார். "எப்படி இருக்கா?" என்று அவள் அம்மா கேட்டால், "நல்லா இருக்கா. எல்லாத்துக்கும் சரிப்பா சரிப்பாங்கிறா" என்பார். அந்த வீட்டில் காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை அவளுக்குத் தேவைப்பட்ட சொல் அது ஒன்றுதான் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்த வீட்டுக்காரர்கள் வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவள் திரும்பி வந்தாள். இருபது வயதாகியிருந்தது. ஒரு உடுப்புப் பையும் ஒரு சைக்கிளும் கொண்டுவந்தாள்.

அது பெரியவர்கள் ஓட்டும் சைக்கிள் இல்லை. சக்கரச் சில்லு சின்னது, ஹேண்டில் உயரம், இருக்கை முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. சிவப்புப் பெயின்ட் பாதி உரிந்திருந்தது. அந்த வீட்டுப் பையன் ஓட்டி வளர்ந்து, மாடிப்படிக்குக் கீழே போட்டு வைத்திருந்தது. வீட்டைக் காலி செய்யும்போது, "உனக்கு வேணும்னா எடுத்துக்க" என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறாள். பஸ்ஸின் மேல்தட்டில் பலாக்காய் மூட்டைகளுக்கு நடுவில் கட்டிக்கொண்டு வந்தாள். வழியில் செக்பொயின்ட்டில் எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தபோது, ஒரு ஆமிக்காரர் மேலே பார்த்து அந்தச் சைக்கிள் யாருடையது என்று சிங்களத்தில் கேட்டாராம். சின்னப் பிள்ளை யாராவது இருக்கிறதா என்று தேடியிருக்கிறார். "மகே" என்று இவள் முன்னே வந்தாளாம். என்னுடையது என்று அர்த்தம். "சிங்களத்துல அந்தச் சொல்ல அன்னிக்குத்தான்டி மொதமொத சொன்னேன்" என்றாள் என்னிடம்.

அவள் அப்பா கான், அதாவது மழைநீர் வடிகால், வெட்டும் வேலைக்காரர். அதிகம் பேசாதவர். லயத்தில் நாலு பேர் தன் வீட்டைப் பற்றிப் பேசக்கூடாது என்பது மட்டும்தான் அவருக்குக் கவலை. சைக்கிளைச் சுற்றி ஒரு தரம் நடந்து பார்த்தார்.

"கழுத கணக்கா வளந்த பொம்பளப்புள்ளைக்கு இது எதுக்கு? யாரு வீட்டுச் சின்னதுக்காவது குடுத்துடு."

"சரிப்பா."

மறுநாள் சைக்கிள் எங்கள் வீட்டு விறகுக் கொட்டிலில் இருந்தது. என் தம்பிக்குக் கொடுத்துவிட்டதாக அவள் அப்பா நினைத்துக்கொண்டார். எனக்குத் தம்பி இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அவள் ஆசை சைக்கிள் ஓட்டுவதில் இல்லை. அந்தப் பையன் முற்றத்தில் முன்சில்லைத் தூக்கிக்கொண்டு ஒற்றைச் சில்லில் போவானாம். அவன் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள இவளைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். வருடக்கணக்காக அவன் பின்னாலேயே ஓடி ஓடி, அவன் எப்போது சாய்கிறான், எந்த நேரம் இழுக்கிறான், ஏன் விழுகிறான் என்பதெல்லாம் இவள் கண்ணுக்குப் பழகிவிட்டது. ஒருநாளும் இவள் ஏறியதில்லை. ஏறச்சொல்லி யாரும் கேட்டதில்லை.

"கண்ணுக்கு எல்லாம் தெரியும்டி. ஒடம்புக்குத்தான் ஒன்னுமே தெரியாது" என்றாள்.

வந்த புதிதில் அவளுக்குப் பொறுமை இருந்தது. மாசி மாதம் வரை காத்திருந்தாள். மாசியில் ரப்பர் மரங்கள் இலை கொட்டும். பால் வற்றிவிடும், வெட்டு நின்றுவிடும். மலை முழுவதும் காய்ந்த சருகு கணுக்கால் புதைய மெத்தைபோலக் கிடக்கும். அந்த நாட்களுக்காகத்தான் காத்திருந்தாள். தன் அண்ணனின் பழைய களிசான் காற்சட்டையைப் பாவாடைக்குள் போட்டுக்கொண்டு, பிற்பகலில் என்னையும் கூட்டிக்கொண்டு, லயத்திலிருந்து தெரியாத பழைய பங்களாப் பாதைக்குப் போனாள்.

முதலில் அவள் பழகியது குதிப்பது. சில்லைத் தூக்கினால் பின்னால் மல்லாக்க விழுவோம். அதற்கு முன்பே காலை எடுத்து நிலத்தில் ஊன்றி, சைக்கிளை முன்னால் ஓடவிட்டு நின்றுவிடவேண்டும். மெதுவாக உருட்டி, ஹேண்டிலை இழுத்து, பின்பக்கமாகக் குதிப்பாள். திரும்பவும் குதிப்பாள். "எப்ப ஓட்டப்போறே?" என்று நான் கேட்டால், "மொதல்ல இந்தப் பயம் போகட்டும்" என்பாள்.

அப்புறம்தான் பெடலுக்கு வந்தாள். வலது பெடல் மேலே வரும் நேரத்தில் அழுத்தி மிதித்து, அதே மூச்சில் கையை நீட்டி உடம்பைப் பின்னால் சாய்க்கவேண்டும். கையால் மட்டும் இழுத்தால் சில்லு ஒரு சாண் எழும்பி 'டொப்' என்று விழும். ரொம்பச் சாய்ந்தால் கவிழும். கவிழப்போகும் நேரத்தில் பின் பிரேக்கை ஒரு விரலால் லேசாகத் தொட்டால் முன்சில்லு கீழே இறங்கிவிடும். அந்த விரலை அவள் எந்நேரமும் பிரேக்கின் மேலேயே வைத்திருந்தாள். தோட்டத்துப் பொடியன்மார் இதை 'சிங்கிள் வீல்' என்பார்கள். அவர்களில் யாருக்கும் இது முழுதாக வராது.

ஒருநாள் சில்லு சருகில் வழுக்கி, பக்கவாட்டில் சாய்ந்து மணிக்கட்டை ஊன்றிவிட்டாள். கை வீங்கிப்போனது. பால் வெட்டுகிறவளுக்குக் கைதான் எல்லாம். மரத்தில் கத்தி ஒரு நூல் ஆழமாகப் போனாலும் மரம் கெட்டுவிடும். அந்தப் பக்கமாகக் குடை பிடித்துக்கொண்டு வந்த கிராமத்துச் சிங்களப் பெண் ஒருத்தி, தன் முந்தானையைக் கிழித்தே கட்டுப்போட்டாள். இனிமேல் இந்த விளையாட்டு வேண்டாம், கையை உடைத்துக்கொள்ளாதே என்று தன் பாஷையில் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"ஹரி அக்கே" என்றாள் இவள். சிங்களத்தில் 'சரி'யும் கிட்டத்தட்ட அதே சொல்தான்.

அந்தப் பெண் மலைத் திருப்பத்தில் மறைந்ததும், இடது கையால் சைக்கிளை நிமிர்த்தினாள்.

மரங்கள் துளிர்த்து வெட்டுத் தொடங்குவதற்குள் அவளுக்கு சிங்கிள் வீல் வந்துவிட்டது. பங்களாப் பாதையில் இருந்த இரண்டு கல் தூண்களுக்கு நடுவே, முன்சில்லை இறக்காமல் மிதித்துக்கொண்டே போனாள். போய் நின்று திரும்பிப் பார்த்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. யாரோ கூப்பிட்டதுபோலப் பார்த்தாள். "வந்துருச்சுடி" என்று மெதுவாகச் சொன்னாள்.

அதற்கு அடுத்தது ஒன்று இருந்தது. பெடலை மிதிக்கவே கூடாது. சைக்கிள் தானாக உருளும்போது, பெடல் இரண்டையும் சமமாக வைத்து எழுந்து நின்று, உடம்பைக் குறுக்கி, இடுப்பை இருக்கைக்கும் பின்னால் தள்ளவேண்டும். கை நீளும், முன்சில்லு எழும்பும். மிதிப்பு இல்லாததால் பிடித்துவைக்க எதுவும் கிடையாது. முழங்காலை மடக்கி நீட்டித்தான் சமாளிக்கவேண்டும். கொழும்புப் பையன் இதை 'மெனுவல்' என்பானாம். அவள் காதில் அது 'மேனுவேல்' என்று விழுந்திருந்தது. எங்களுக்கும் அப்படியே ஆகிவிட்டது. அதுதான் பிறகு வந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

இதற்கிடையில் வரக்காப்பொலையிலிருந்து அவளுடைய அத்தை, அப்பாவின் அக்கா, தன் மகனுக்குப் பெண் கேட்டு வந்துவிட்டுப் போயிருந்தாள். முறை மாப்பிள்ளைதான். மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் வேலை, குடிப்பழக்கம் இல்லை. ஆனால் அத்தைக்கு ஒரு திட்டம் இருந்தது. கல்யாணம் முடிந்ததும் மருமகள் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகவேண்டும். அந்தச் சம்பளத்தில் வீடு கட்டவேண்டும். "கொழும்புல இத்தன வருசம் இருந்த புள்ள. வேலையெல்லாம் பழகுனது. வேற யாருக்கு இந்தத் தகுதி இருக்கு?" என்று அத்தை சொன்னபோது, அவள் தலையைச் சாய்த்து "சரிங்க அத்தை" என்றாள்.

அன்று மாலை விறகுக் கொட்டிலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "இன்னொருத்தங்க வீட்டுல போயி நான் நிக்கமாட்டேன்டி." என்ன செய்யப்போகிறாள் என்று கேட்டேன். தெரியாது என்றாள்.

சில நாள் கழித்து நாங்கள் பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தோம். "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"மேனுவேல்தான்டி இன்னும் கைக்கே வரமாட்டேங்குது. கொழும்புல இருக்கப்ப தினம் பாத்ததுதான். இப்ப கிட்டப் போனாலே நெஞ்சு அடிக்குது. ஆனா விடமாட்டேன்."

துணி துவைக்கும் கல்லுக்கு அந்தப்பக்கம் பாக்கியம் அக்கா குனிந்திருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. பாக்கியம் அக்கா கெட்டவள் இல்லை. கேட்டதை மனதுக்குள் வைத்திருக்க முடியாதவள்.

இரண்டு லயங்களுக்கும் விஷயம் போய்விட்டது. கொழும்பில் மேனுவேல் என்று ஒருவன் இருக்கிறான், கிறிஸ்தவ வேதக்காரன், தினமும் பார்த்துப் பழகியிருக்கிறாள், அவன் இன்னும் கைக்கு வரவில்லை, ஆனால் இவள் விடுவதாக இல்லை. அவள் அம்மா கோயில் படியில் உட்கார்ந்து அழுதாள். வேலை முடிந்து வந்த அப்பா மண்வெட்டியைக்கூடக் கழுவாமல் வாசலில் நின்று கேட்டார். சுவருக்கு இந்தப்பக்கம் எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"யாரு அந்த மேனுவேல்?"

அவள் அடுப்பில் விறகைத் தள்ளும் சத்தம் கேட்டது. விஷயம் விளங்க அவளுக்குக் கொஞ்ச நேரம் தேவைப்பட்டிருக்கும்.

"நான் கேக்கிறேன்ல. அது நமக்குச் சரிவராது. விட்டுடு."

"சரிப்பா."

அவ்வளவுதான் சொன்னாள். எதை விடுவதாகச் சொன்னாள் என்று அவருக்குத் தெரியாது.

மறுநாள் மலையில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்டி சொல்லல? அது சைக்கிளுன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுபோகும்."

"வரக்காப்பொலைக்கு இந்தப் பேச்சுப் போயிருச்சுன்னா அத்தை வரமாட்டா." மரத்தில் கத்தியை வைத்தபடியே சொன்னாள். "நீயும் சொல்லாதே."

பேச்சு அங்கேயும் போய்விட்டது. அத்தையிடமிருந்து வார்த்தை நின்றுபோனது. அவள் நினைத்தபடி நடந்தது. ஆனால் வீட்டில் அவள் அப்பா அவளோடு பேசுவதை நிறுத்தினார். தட்டை அவள் வைத்தால் சாப்பிடுவார், நிமிர்ந்து பார்க்கமாட்டார். அவள் அம்மா எங்கள் அம்மாவிடம் வந்து, "நாங்கதானே கொண்டுபோயி விட்டோம், யாரச் சொல்றது?" என்று சொல்லி அழுவாள். பால் நிறுக்கும் இடத்தில் இவள் போய் நின்றால் பெண்கள் பேச்சை மாற்றுவார்கள். அவள் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. பிற்பகல்களில் பங்களாப் பாதைக்குப் போனாள். சில்லு எழும்பும், கையைவிட்டுப் போகும், குதிப்பாள்.

பல வருடம் கழித்து அவளை ருவான்வெல்லைக் கடைவீதியில் பார்த்தேன். அதற்குள் கார்மென்ட் பக்டரியில் சேர்ந்து, அங்கேயே வேலைசெய்த ஒருவரைக் கட்டி, ஒரு பெண் பிள்ளையும் பிறந்திருந்தது. பிள்ளையோடு கிளினிக்கிலிருந்து வந்துகொண்டிருந்தாள். மிட்வைப் மிஸ் என்னென்னவோ கொடுக்கச் சொன்னாராம். "என்னா சொன்னே?" என்று கேட்டேன். "சரிங்க மிஸ்னு சொன்னேன்" என்று சிரித்தாள். சைக்கிளைப் பற்றிக் கேட்டேன். ரிம் வளைந்துபோய் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிட்டாளாம். அதில் அவளுக்கு வருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. "அதுல செய்யவேண்டியதச் செஞ்சாச்சு" என்றாள். நான் சொல்ல வந்தது அந்தச் 'செஞ்சாச்சு' எந்த நாள் என்பதைத்தான்.

அந்த வருடம், கொழும்பு மேனுவேல் மாதக்கணக்காகியும் வந்து சேரவில்லை. கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. அப்போது பேச்சு பக்கத்தில் தேடத் தொடங்கியது. தோட்டத்தில் மேனுவேல் என்று ஒருவர் இருந்தார். ஸ்டோரில் ரப்பர் ஷீட் அரைக்கும் ரோலரைச் சுற்றுகிறவர். ஐம்பது வயதுக்கு மேல். பிள்ளைகளெல்லாம் கட்டிக்கொடுத்தாயிற்று. எங்கள் தோட்டத்துச் சின்ன வேதக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை மணி அடிப்பவரும் அவர்தான். இவள் அவரிடம் போய் ஸ்டோர் வாசலில் நின்று, சைக்கிள் செயினுக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் கிரீஸ் வாங்கிவருவாள். ஒளித்து வாங்குவாள், அப்பாவுக்குத் தெரியக்கூடாதே. ஒளித்து வாங்கியதை நாலு பேர் பார்த்திருந்தார்கள்.

மேனுவேல் மாமாவுக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் போனபோது மணிக்கயிற்றில் வேறு ஆள் நின்றார். "கொஞ்ச நாளைக்கு நீங்க சும்மா இருங்க அண்ணே" என்றாராம் அந்த ஆள். அவர் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்து பூசை பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

அடுத்த வாரத்தில் ஒருநாள், உச்சிப்பொழுதில், நாங்கள் ஸ்டோர் முன்னால் பால் நிறுக்க வரிசையில் நின்றோம். கான் வெட்டியவர்களும் அன்றைய வேலைக் கணக்கில் பேர் கொடுக்க வந்திருந்தார்கள். அவள் அப்பாவும் நின்றார். மேனுவேல் மாமாவின் மனைவி தெரேசம்மா ஒரு துணி மூட்டையோடு வந்தாள். சத்தம் போடவில்லை. ஸ்டோர் படியில் மூட்டையை வைத்தாள்.

"ஒங்க உடுப்பெல்லாம் இருக்கு. இனிமே இங்கயே இருந்துக்குங்க."

அவர் ரோலரை விட்டுவிட்டு வெளியே வந்தார். கையெல்லாம் ரப்பர் பால். "என்னா தெரேசு? நான் என்னா செஞ்சேன்?" என்றார். உண்மையாகவே கேட்டார். தெரேசம்மா வரிசையில் நின்ற அவளைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். அவள் அப்பா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் தன் வாளியை என்னிடம் கொடுத்தாள். "பிடிச்சுக்க" என்றாள். வரிசையை விட்டு விலகி லயத்துப் பக்கம் போனாள். ஓடிப்போகிறாள் என்று யாரோ சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஸ்டோருக்கு மேலே தார்ப்பாதை லேசான இறக்கமாக வரும். கொஞ்ச நேரத்தில் அந்த இறக்கத்தில் சிவப்புச் சைக்கிள் தெரிந்தது. சருகிலும் மண்ணிலும் பழகியவள் தாரில் ஒருநாளும் செய்ததில்லை. விழுந்தால் தோல் மிஞ்சாது. களிசான் போடக்கூட நேரமில்லை, பாவாடையை வரிந்து செருகியிருந்தாள். மிதிப்பதை நிறுத்தினாள். எழுந்து நின்றாள். உடம்பு குறுகியது. இடுப்பு பின்னால் போனது, கை நீண்டது, முன்சில்லு எழும்பியது.

நான் வாளியைப் பிடித்தபடி அது விழப்போகும் நேரத்துக்காகக் காத்திருந்தேன். விழவில்லை. பெடல் அசையாமல் நின்றது. முன்சில்லு காற்றில் தன்பாட்டுக்குச் சுற்றியது. அவள் முழங்கால் மட்டும் மெல்ல மடங்கி நீண்டது. தராசைக் கடந்து, வரிசையைக் கடந்து, தன் அப்பாவைக் கடந்து, பாதையோரப் பலாமரம்வரை அப்படியே போனாள். பிரேக்கைத் தொட்டாள். சில்லு இறங்கியது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெரேசம்மாவின் முன்னால் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

"மாமி, இதுக்குப் பேருதான் மேனுவேல். மிதிக்காம முன்வீலத் தூக்கிட்டுப் போறது. கொழும்புல அந்த வீட்டுப் புள்ள அப்படித்தான் சொல்லும். நான் பீலிக்கரையில பேசுனது இதப் பத்தித்தான். ஆளு யாரும் இல்ல."

தெரேசம்மா சைக்கிளைப் பார்த்தாள். "சைக்கிளா?"

"ஆமாங்க மாமி. மாமா செயினுக்கு கிரீஸ் குடுத்தாரு. வேற ஒன்னும் இல்ல. நான் மொதல்லயே சொல்லியிருக்கணும். எனக்கு வேண்டியிருந்துச்சு, அதான் சொல்லல."

கணக்கப்பிள்ளை ஐயா தராசுக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பாக்கியம் அக்கா வரிசைக்குப் பின்னால் போய்விட்டாள். மேனுவேல் மாமாதான் முதலில் பேசினார்.

"எம் பேர எதுக்கு அதுக்கு வச்சாங்க?"

யாரோ சிரித்தார்கள். அப்புறம் நிறுத்த முடியவில்லை. தெரேசம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் வாயை மூடினாள். துணி மூட்டையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, "சோறு ஆக்கி வச்சிருக்கேன், நேரத்துக்கு வாங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கமான மணி கேட்டது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகநேரம் கேட்டதாக அம்மா சொன்னாள்.

அவள் அப்பா அன்று சிரிக்கவில்லை. பேர் கொடுத்துவிட்டு மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார். வீட்டிலும் பேசவில்லை. மகள்மேல் விழுந்த பழி பொய் என்று தெரிந்தும் ஏன் பேசவில்லை என்று அவளுக்கும் விளங்கவில்லை. 'எனக்கு வேண்டியிருந்துச்சு' என்று அவள் சொன்னதை அவர் கேட்டுக்கொண்டு நின்றார் என்பதை மட்டும் நான் கவனித்திருந்தேன்.

செய்தி வரக்காப்பொலைக்கும் போனது. பழி நீங்கிவிட்டதே. வாழைப்பழச் சீப்போடும் பிஸ்கட் பெட்டியோடும் அத்தை வந்து இறங்கினாள். அவர்கள் வீட்டில் உட்காரக் கதிரை போதாமல் எங்கள் வீட்டுக் கதிரையைக் கொண்டுபோய்க் கொடுத்த நான், கதவோரமாக நின்றேன். அவள் அம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்தாள். அப்பா வாசல்படியில் வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நாங்க தப்பா நெனைச்சிட்டோம்" என்றாள் அத்தை. "போனது போகட்டும். வாற தையில நாள் பாத்துருவோம். ஏஜென்சியில பேசி வச்சிருக்கேன். பாஸ்போட்டுக்கு போட்டோ மட்டும் இப்பவே எடுத்துருவோம் மருமகளே, ஒரு வேலை முடிஞ்சமாதிரி."

அவள் சுவரோரம் நின்றிருந்தாள். தலை சாயும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சரிங்க என்று சொல்லிவிட்டு இதிலிருந்து எப்படி வெளியே வரப்போகிறாள் என்று அதற்குள் யோசிக்கவும் ஆரம்பித்துவிட்டேன்.

"இல்லங்க அத்தை. நான் போகமாட்டேன்."

அத்தை சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தாள். "என்னம்மா?"

"வெளிநாடு போகமாட்டேன். அதுக்காகத்தான் கல்யாணம்னா, அதுவும் வேணாங்க."

அவள் குரல் நடுங்கியது. தாரில் வந்த அன்றுகூட அப்படி நடுங்கி நான் பார்க்கவில்லை. அவள் அம்மா கேத்தலைக் கீழே வைத்தாள். அத்தையின் முகம் சிவந்துபோனது. வாசல் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியா தம்பி, ஒம் மக பேசுறத? நீ சொல்லு. ஒரு நல்ல வார்த்தை சொல்லிப் புத்தி சொல்லு."

அவள் அப்பா உடனே திரும்பவில்லை. படியில் இருந்த காய்ந்த மண்ணைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து உள்ளே வந்தார். மாதக்கணக்கில் முதல்தடவையாக மகளை நிமிர்ந்து பார்த்தார். அத்தையின் முன்னால் இருந்த தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தார்.

"ஒருக்கா நான் கொண்டுபோயி விட்டது போதும்க்கா. ஆறிப்போகுது, குடிங்க."